மேலே இருந்த கவர்

சென்னை,
12-8-1971

அன்புள்ள சின்னத்தாயிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. நான் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது?

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் ரண ஜன்னிக்கு (டெட்டனஸ் என்கிறார்கள்) இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று மூச்சுவிட வைக்கும் மெஷின், மற்றது தூங்க வைக்கும் மருந்து. எது நல்லதென்று டாக்டர்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, இரண்டில் ஒன்றின் பெயரை உள்ளே எழுதி ஒட்டிய கவர்களை ஒரு பெட்டியில் கலந்து அடுக்கிவைத்து, வருகிற ஆளுக்கு ஒன்றாக மேலிருந்து எடுக்கிறார்கள். படிக்கத் தெரியாதவன் என்றுதான் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அரியக்குடி கருத்தையாவை, காலில் முள் குத்தி, தாடை கிட்டித்த நிலையில் கொண்டுவந்தார்கள். அவர் சம்சாரம் முத்தழகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நம்ம பக்கத்து ஆளு நீக. மெஷினு வச்சாத்தான் பொழைப்பாகளாம். அந்தக் கவராப் பாத்துக் குடுங்கண்ணே."

மேல் கவரை வெளிச்சத்தில் பிடித்தேன். 'மருந்து' என்று வாசித்துவிட்டேன்! சந்தோஷம் ஒரு நொடிதான். முத்தழகு கேட்டது மெஷின். அடுத்ததை உருவியிருக்கலாம். ஆனால் அது அடுத்து வருகிறவருடையது. மேலே இருந்ததையே கொடுத்தேன். பிறகு டாக்டரிடம் போய், "எனக்கு வாசிக்கத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

முத்தழகு என்னோடு பேசுவதில்லை. கருத்தையா இன்னும் கண் திறக்கவில்லை. தினமும் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிறேன்.

வயலுக்கு வெறுங்காலோடு போகாதே. உனக்குக் கடிதம் எழுதித் தருகிறவரிடம் பதிலைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல். பேச்சு உன்னுடையதாக இருக்கட்டும். வேலைக்கு மணி அடிக்கிறது. அடுத்த வாரக் கடிதத்துக்காக, 'கருத்தையா கஞ்சி குடித்தார்' என்று இப்போதே எழுதிப் பழகுகிறேன்.

கோட்டைச்சாமி