கையைத் தூக்கியவள்

ஆக்னாகிரீ,
26 பிப்ரவரி 1990

என் செல்ல மருமகள் உனாவுக்கு எஃபி அத்தை எழுதறது.

கர்த்தர் கிருபையில நான் சுகம். முழங்கால்தான் மழை வர்றதுக்கு முன்னாடியே சேதி சொல்லுது. இந்தப் பொட்டலத்துல ஓட்ஸ் ரொட்டியும் ரெண்டு ஜோடி கம்பளிக் கையுறையும் இருக்கு. சாம்பல் நிறம் உனக்கு, நீலம் ஷீனாவுக்கு. அவ என் வயித்துல பிறந்தவ. நீ, என் தம்பியைக் கடல் கொண்டுபோனப்ப எட்டு வயசுல என் வீட்டுக்கு வந்தவ. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு நூல்தான் எடுத்தேன், சண்டை போடாதீங்க.

ஃபைனலை ஞாயித்துக்கிழமை வச்சவன் யாருடி? ஐஸ் மேல கல்லைத் தள்ளி விளையாட ஆறு நாள் போதலையாமா? நான் ஓய்வுநாள்ல டிவி பாக்க மாட்டேன், அது உனக்கே தெரியும். ஜெபம் பண்ணுவேன், அதுக்குத் தடையில்ல. ஷீனா கேப்டன், கடைசிக் கல்லை அவ விடுவா. நீ அந்தக் கல்லுக்கு முன்னாடி ஓடிக்கிட்டே பிரஷால ஐஸைத் தேய்க்கணும். கால் வழுக்காம பாத்துக்கோ. ஜெயிச்சா உலகப் போட்டியாமே! ஷீனா இப்பவே பெட்டி கட்டிட்டா.

நேத்து கோயில்ல போதகர் கேட்டார், "எஃபி, என் ஜன்னலை உடைச்ச பொண்ணு எப்படி இருக்கா?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒன்பது வயசு உனக்கு. யாரும் பாக்கல. நீயாப் போய்க் கதவைத் தட்டி, "நான்தான் உடைச்சேன்"னு நின்னே. என் வளர்ப்புடி அது. இன்னிக்கும் ஊர்ல யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாம நான் டீ குடுக்கறதில்ல.

கர்த்தர் உங்க கூட இருப்பாராக.
எஃபி அத்தை

---

பெர்த்,
6 மார்ச் 1990

அன்புள்ள அத்தைக்கு,

தோத்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எப்படின்னு நானே சொல்லணும்.

கடைசிக் கல்லை ஷீனா அருமையா விட்டா. நான் தேய்ச்சுக்கிட்டே ஓடினேன். பாதிக்கு மேல போனதும் என் பிரஷ் கல்லைத் தொட்டுடுச்சு. லேசாத்தான், ஒரு ஈ உக்காந்த மாதிரி. கல்லு போய் நாங்க குறிவச்ச நடுவட்டத்துலயே நின்னுச்சு. ஷீனா குதிச்சா. கூட்டம் எழுந்து நின்னுச்சு. யாருமே பாக்கல அத்தை. ஆனா பிரஷ் கல்லுல பட்டா தப்பு, இந்த ஆட்டத்துல அவங்கவங்க தப்பை அவங்கவங்கதான் சொல்லணும். நான் கையைத் தூக்கினேன். எதிரணி கேப்டன் வந்து கல்லைக் குனிஞ்சு பாத்தா. அப்புறம் எங்க கல்லை ஓரமாத் தள்ளிட்டா. ஒரு புள்ளியில போச்சு.

ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்குக் குடிக்க வாங்கித் தர்றது வழக்கம். அந்த எதிரணி கேப்டனே என் முன்னாடி ஒரு கிளாஸை வச்சு, "நல்லவேளை, நீ என் டீம்ல இல்ல"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. கார்ல ஷீனா, "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"ன்னா.

பேக்கரியில மாவு பிசையறப்ப எல்லாம் அந்தக் கல்லுதான் கண்ணுல நிக்குது. பதினொரு வருஷம் இதுக்காகத்தான் வாழ்ந்தேன். நான் செஞ்சது சரின்னு ஒரு வரி எழுதுங்க அத்தை. வேற யாரும் சொல்லலன்னாலும் பரவாயில்ல.

உங்கள்,
உனா

---

ஆக்னாகிரீ,
12 மார்ச் 1990

கண்ணு உனாவுக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. இங்க ஒரே காத்து, கோழிக்கூட்டுக் கூரை பறந்து பக்கத்து வீட்டு டோலினா தோட்டத்துல போய் விழுந்துடுச்சு.

உன்கிட்ட மறைக்க மாட்டேன். டோலினா வீட்டு டிவியில நான் ஆட்டத்தைப் பாத்தேன். ஓய்வுநாள்லதான். ஜன்னல் திரையை இழுத்து விடச் சொன்னேன். "ஏன் எஃபி, போதகர் எட்டிப் பாப்பாருன்னு பயமா?"ன்னு அவ கேலி பண்ணினா. நீ கையைத் தூக்கினதும், "எதுக்குடி இந்தப் பொண்ணு கையைத் தூக்குது?"ன்னா. டிவியில ஒண்ணுமே தெரியல உனா. எனக்கும் ஒண்ணும் தெரியல.

ஷீனா இங்கதான் இருக்கா. சாப்பாட்டைத் தொடல. பெட்டியைப் பிரிக்கவும் இல்ல. நீ அந்த ஒரு நிமிஷம் பேசாம இருந்திருக்கலாமோன்னு தோணுது. கர்த்தர் பெரிய மனசுக்காரர். திங்கட்கிழமை கேட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பார். ஈ உக்காந்த மாதிரின்னு நீயே எழுதியிருக்கே. மத்த பிள்ளைங்களோட ஆசையையும் யோசிச்சிருக்கணும் இல்லையா?

ஓட்ஸ் ரொட்டி உடையாம வந்துச்சா? எழுது.

எஃபி அத்தை

---

பெர்த்,
19 மார்ச் 1990

அத்தைக்கு,

டீம்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க. அரைப் பக்கக் கடுதாசி, மூணு கையெழுத்து. முதல் கையெழுத்து ஷீனாவோடது. அனுப்பின ஊர் ஆக்னாகிரீ, தேதி மார்ச் ஒன்பது. உங்க வீட்டு மேசையிலதான் அவ எழுதியிருக்கா. மூணு நாள் கழிச்சு நீங்க எனக்குக் கோழிக்கூட்டைப் பத்தி எழுதறீங்க.

வேற டீம்ல கேட்டுப் பாத்தேன். "நல்ல பொண்ணுதான், ஆனா..."ன்னாங்க. ஷூவைக் கிளப்ல விட்டுட்டேன், யாருக்காவது பொருந்தும். பேக்கரி வேலையும் இந்த வாரத்தோட சரி, வேற ஊர் போறேன்.

கையைத் தூக்கினதுக்கு நான் வருத்தப்படல. அப்ப என் கண்ணு முன்னாடி நின்னது உங்க முகம்தான். இப்ப நினைச்சுப் பாத்தா அந்த முகம் வரமாட்டேங்குது. அதைத்தான் தாங்க முடியல.

கையுறையைத் திருப்பி அனுப்பறேன்.

உனா

---

ஆக்னாகிரீ,
5 நவம்பர் 1990

என் உனாவுக்கு,

ரெண்டு கடுதாசி திரும்பி வந்துடுச்சு. இதைப் பேக்கரி முகவரிக்குப் போடறேன், அவங்களுக்காவது நீ இருக்கிற இடம் தெரிஞ்சிருக்காதா?

போன மாசம் கோயில்ல திருவிருந்து. முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா நான் அப்பமும் ரசமும் வாங்க மேசைக்குப் போகல, பின் வரிசையிலயே உக்காந்துட்டேன். வாசல்ல போதகர், "உடம்புக்கு என்னம்மா எஃபி?"ன்னார். "முழங்கால்"னு சொன்னேன். அதுவும் பொய்.

ஷீனா டீம்ல புதுப் பொண்ணு வந்து ரெண்டு ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க. நான் பாக்கல. உன் பேரை எடுத்தா அவ எழுந்து கோழிக்குத் தீனி போடப் போயிடறா. அவ அந்தக் கடுதாசி எழுதினப்ப, மசி தீந்துபோச்சுன்னு கேட்டா. என் பேனாவை எடுத்துக் குடுத்தது நான்தான்.

இன்னொண்ணு இருக்கு. டிவியில ஒண்ணும் தெரியலன்னு எழுதினேன் இல்லையா? டோலினா கெட்டிலை எடுக்க எழுந்திருந்தா. திரையில கல்லைக் கிட்டக்கக் காட்டினாங்க. உன் பிரஷ் தொட்டதை நான் பாத்தேன் உனா. உன் முகம் மாறினதையும் பாத்தேன். நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும், நான் வளத்த பிள்ளை. அந்த நிமிஷம் நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். "கர்த்தாவே, அவ சொல்லாம இருக்கட்டும்"னு. ஓய்வுநாள்ல, திரை போட்ட அறையில, அதைத்தான் கேட்டேன். கண்ணைத் திறந்தா நீ கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறே.

நீ கேட்ட ஒரு வரி: நீ செஞ்சது சரி. எட்டு மாசம் தாமதம்.

இதுவும் திரும்பி வந்தா, தபால்காரர் ஒண்ணும் கேக்காம வாசப்படியில வச்சுட்டுப் போயிடுவார். அவருக்குப் பழகிடுச்சு. போதகர் ஜன்னல் கதையை நான் இப்ப யார்கிட்டயும் சொல்றதில்ல.

சாம்பல் நிறக் கையுறை அலமாரியில இருக்கு.

எஃபி