மிளகைப் பத்தி உன் அண்ணன் சொல்லாதது

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுறது. நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும், குளிருக்கு ஒழுங்கா போர்த்திக்கணும், எங்களுக்கு அது போதும். இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேங்குது. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. போன்ல பேசினா உன் அண்ணன் பக்கத்துலயே நிக்கிறான், அதனாலதான் கடிதாசி. மிளகு செத்துப்போயிட்டா. இன்னைக்குப் பத்து நாள் ஆகுது. கொஞ்சம் சோர்வா இருக்கா, டாக்டர் ரெஸ்ட் சொல்லியிருக்காங்கன்னு அவன் உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய். நேத்து அவன் அனுப்பின போட்டோ ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது. திரும்ப எடுத்துப் பாரு, அதுல வயிறே தெரியாது.

நீ விட்டுட்டுப் போனப்ப மூணு மாசக் குட்டி அவ, உன் செருப்புக்குள்ள படுத்துத் தூங்குவா. எட்டு மாசத்துல முதல் தடவையா தீட்டு வந்துச்சு. அவ்வளவுதான், உன் அண்ணனுக்கு ஆசை வந்துடுச்சு. கூட வேலை செய்யுறவன் வீட்டு ஆண் நாயைக் கூட்டிட்டு வந்தான். அது அவளைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். சின்னப் பொண்ணுடா, இன்னும் வளரவே இல்லைன்னு அப்பா சொன்னார். ஒரே ஒரு தடவைதான்ப்பா, தங்கச்சியே சரின்னுட்டாளேன்னான். நீ சரின்னுதான் சொன்னியாமே, சிவப்பு இதயமா நாலு அனுப்பினியே, எனக்கும் காட்டினான். குட்டி பிறக்குறதுக்கு முன்னாடியே மூணு பேருக்கு வாக்குக் கொடுத்துட்டான், மூணு பேரும் தினம் போன் போட்டு ஆச்சா ஆச்சான்னு கேட்டாங்க. அவளுக்கு என்ன சாப்பாடு கொடுக்குறீங்கன்னு ஒருத்தரும் கேக்கலை.

உங்க ரெண்டு பேரையும் திட்டிட்டு நான் தப்பிச்சுக்கலாம். ஆனா கேளு. நாய் டாக்டரம்மா ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டு வாங்க, குட்டி எத்தனை, தலை எவ்வளவு பெரிசுன்னு பார்க்கணும், இந்த ஜாதிக்கு இடுப்பு ரொம்பக் குறுகல்னு சொல்லி அனுப்பினாங்க. நான்தான் வேண்டாம்னேன். முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டுல ஆயாவா இருந்தவளுக்கு, கை வெச்சுப் பார்த்தா தெரியாதான்னு கேட்டேன். கை வெச்சுப் பார்த்து ரெண்டு குட்டின்னும் சொன்னேன். மூணு இருந்துச்சு.

அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு வலி எடுத்துச்சு. உன் ரூம்லதான், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவுல பழைய போர்வை போட்டிருந்தேன். முக்குறா, முக்குறா, ஒண்ணும் வரலை. பன்னிரண்டு மணிக்குப் பச்சையாத் தண்ணி வந்துச்சு. வார்டுல அப்படி வந்தா நாங்க ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு ஓடுவோம். உன் அண்ணன் போனைப் பார்த்துட்டு, நாய்க்குப் பச்சையா வர்றது சகஜம்தாம்மான்னான். முதல் குட்டி வந்ததுக்கு அப்புறம் வந்தாதான் சகஜமாம், அந்த வரியை அவன் படிக்கலை. நானும் சரின்னு உட்கார்ந்துட்டேன். ஓடினா எனக்குத் தெரியலைன்னு ஆயிடுமே, அதனால உட்கார்ந்தேன். ரெண்டு மணிக்குத் தலை தெரிஞ்சுது, பாதியில மாட்டிக்கிச்சு. இந்தக் கையாலதான் இழுத்தேன். குட்டி செத்து வந்துச்சு. அவ திரும்பிப் பார்த்து அதை நக்கினா, பின்ன என் விரலையும் நக்கினா. அப்புறம்தான் வண்டி பிடிச்சோம்.

டாக்டரம்மா வயித்தைத் திறந்து ரெண்டை எடுத்தாங்க, ஒண்ணுதான் கத்துச்சு. கையைக் கழுவிட்டு வந்து என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க, உங்க வார்டுல ஒரு பொண்ணு இப்படிக் கிடந்தா டாக்டரைக் கூப்பிடாம நாலு மணி நேரம் பார்த்துட்டு இருப்பீங்களாம்மான்னு. மறுநாள் மத்தியானம் மிளகு போயிட்டா. ரத்தம் நிறைய போச்சாம். அப்பாதான் பின்பக்கம் தண்ணித் தொட்டி ஓரமா குழி வெட்டினார், முட்டி வலியோட, யாரையும் கிட்ட விடலை. உன் அண்ணன் அன்னைக்கு அழுதான், பொய் சொல்ல மாட்டேன், தேம்பித் தேம்பி அழுதான். மூணாம் நாள் அந்த மூணு பேருக்கும் போன் போட்டு, ஒண்ணுதான் தங்கிச்சு, பொட்டைக் குட்டி, இதை வெச்சு அடுத்த வருஷம் கண்டிப்பா தர்றேன்னு சொல்லிட்டு இருந்தான். நான் குட்டிக்குப் பால் கொடுத்துட்டு இருந்தேன், சொட்டு மருந்துக் குழாயில, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பால் குடிச்சதும் ஈரப் பஞ்சால அடிவயித்தைத் தடவினாதான் மூத்திரம் போகும், அம்மா நாய் நக்குறதுக்குப் பதிலா. அந்தப் பஞ்சைக் கையில பிடிச்சுக்கிட்டே அவன்கிட்ட சொன்னேன், நீ இதைத் தொட்டா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்னு. சும்மா மிரட்டாதம்மான்னு சிரிச்சான். அப்பா எழுந்து வந்து, அவ போனா நானும் போறேன்டான்னார். அதோட அவங்க ரெண்டு பேரும் பேசுறதில்லை.

குட்டி பிழைச்சா ஆறாவது மாசத்துல கருப்பையை எடுத்துடச் சொல்லி டாக்டரம்மாகிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். உன் நாயோட குட்டிதான், ஆனா உன்னைக் கேக்கலை. மிளகையும் யாரும் கேக்கலை. உனக்கு என் மேல கோபம் வரும். வரட்டும், அதை அடக்கிக்கிட்டுப் போன்ல என்கிட்ட ஆறுதலா மட்டும் பேசிடாதே, எனக்குத் தாங்காது. உன் அண்ணன் இனிமே போட்டோ அனுப்பினா, எனக்கு எல்லாம் தெரியும்னு அவன்கிட்ட நேராவே சொல்லிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாம நூறு வருஷம் இருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்னா உடனே போ, என்னைக் கேட்டுட்டு நிக்காதே.

உன் அம்மா.

குட்டிக்குப் பேர் எதுவும் யோசிச்சு அனுப்பாதே. இன்னைக்குக் காலையில தராசுல வெச்சேன், நேத்தைவிடப் பத்து கிராம் குறைவு.