உப்பு சுமக்கும் உன் கப்பல்

என் உசிரான அண்ணனுக்கு,

பாகூரில் பிரெஞ்சுக் கொடி மாறி ஏழெட்டு வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரன் போய்விட்டான். ஊர் அதுபாட்டுக்கு இருக்கிறது. எனக்குத்தான் நேற்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

இரும்பு கிட்டப் போனாலே வெடிக்கும் கண்ணிகளைக் கடலிலிருந்து வாரியெடுக்கும் சின்ன மரக்கப்பல், வெள்ளைக்காரன் படையில் நீ ஏறியது. ஜெர்மன் சண்டை முடிந்த பிறகும் வாரிக்கொண்டே இருந்தீர்கள். கண்ணி வாரும் கம்பியை இழுக்கும்போது அலை உன்னை அடித்துப் போனதாகக் கடுதாசி வந்தது, உடம்பு வரவில்லை. வைக்கோலில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிடலாம் என்றார்கள் பங்காளிகள். அண்ணி விடவில்லை.

"வக்கோலா எம் புருஷன்? அவரு ஏறுன கப்பல்ல ஒரு துண்டாவது காட்டு தம்பி, அப்பறம் பொட்ட அழிக்கிறேன்."

அன்றிலிருந்து நடவு வயலில் நின்றாலும் கடலூர் பஸ் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். எத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

போன மாதம் கடலூர் துறைமுகத்தில் பழைய சண்டைக் கப்பலை உடைக்கிறார்கள் என்று கேட்டு ஓடினேன். "கண்ணி வார்ன கப்பலுதாம்பா, வேற இன்னா வேணும்?" என்றான் மரக்கடைக்காரன். கப்பலின் எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை. மடையன் நான்! ஒரு பலகையைத் தூக்கி வந்தேன். அண்ணி அதை மடியில் போட்டுத் தடவினார். சுடுகாட்டில் வைத்து எரித்தோம். தாலியை அவரே கழற்றினார்.

நேற்று கடலை விற்க, மல்லாட்டை மூட்டையோடு மறுபடி துறைமுகம் போனேன். உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நின்றது. பெயின்ட் உரிந்த முகப்பில், உன் கடுதாசிகளின் தலையில் நீ எழுதும் அதே எண்!

"வெள்ளக்காரன் இதேமாரி ரெண்டு வித்துட்டுப் போனான்பா. ஒண்ண ஒடச்சிட்டாங்க" என்றார் கப்பல்காரர்.

உன் கப்பல் நன்றாகத்தான் மிதக்கிறது, அண்ணே. அப்படியானால் நான் எரித்தது யாருடையது? கப்பல் பிழைத்ததைப் போல நீயும் எங்காவது... சீ, என்ன புத்தி இது!

அண்ணி இப்போது பஸ் சத்தத்துக்கு நிமிர்வதில்லை. ஒரு வாய் கூடவே சாப்பிடுகிறார். சொன்னால் அந்த நிம்மதி போய்விடும். சொல்லாவிட்டால், அவர் கேட்ட ஒரே பொருளில் நான் ஏமாற்றியவன் ஆவேன்.

கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறதாம். அதற்குள் அண்ணியைக் கூட்டிப் போய் அதன்மேல் நிறுத்துகிறேன். என்னை அடித்தாலும் அடிக்கட்டும். நீ கடைசியாக நின்ற இடத்தில் அவர் ஒரு தரம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
வேறு கப்பலுக்குக் கொள்ளி வைத்த உன் தம்பி