முப்பத்தோராவது ஆள்

வில்லரே, மொன்றியல்
18 மார்ச் 2007

அன்புள்ள தம்பி கிறகரிக்கு,

ஆண்டவர் தயவில் நாங்கள் இங்கே சுகம். நீ சுகமா என்று உன் பன்னிரண்டு பக்கக் கடிதம் முழுவதும் தேடினேன், கிடைக்கவில்லை. உங்கள் ஊர்த் தானியக் கோபுரத்துக்குச் சுகமில்லை என்பது மட்டும் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. கூரை ஒழுகுகிறதாம், உள்ளே புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றனவாம், வருகிற கோடையில் இடித்துவிடுவார்களாம். கோபுரத்துக்கு என் அனுதாபத்தைச் சொல்லிவிடு.

உன் கடிதம் வந்தால் சாப்பாட்டு மேசையில் வைத்து உரத்து வாசிப்பது என் உத்தியோகம். உன் அத்தானுக்குக் கண்ணாடியைப் போட்டவுடன் நித்திரை வரும். உன் பெண்சாதி செலீனின் கையில் எப்போதும் ஒரு வேலை இருக்கும். இந்த முறை வெங்காயம். தவக்காலம் என்பதால் வீட்டில் இறைச்சி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் கதைக்கிற கதை கூடிவிட்டது என்று உன் அத்தான் சொல்கிறார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

உங்கள் எல்ஸ்பெத் ஊரின் சரித்திரம் இப்போது எனக்குத் தலைகீழாகப் பாடம். ரயில் பாதை போட வந்த பொறியியலாளர், வெறும் புல்வெளியில் ஒரு கம்பை நட்டு, தன் மகளின் பெயரை அந்த இடத்துக்கு வைத்தார். அந்த மகள் ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புத்திசாலிப் பிள்ளை என்று நான் சொன்னேன். செலீன் சிரித்தாள். சிரித்த பிறகு ஏன் சிரித்தோம் என்பதுபோல வெங்காயத்தைப் பார்த்தாள்.

பிறகு உக்ரேனிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் சனம் வந்து, கோதுமை விளைந்து, ஊரில் நானூறு பேருக்கு மேல் இருந்த காலம். வங்கி, இரண்டு ஹோட்டல், பள்ளிக்கூடம், ஹொக்கி விளையாட ஒரு கொட்டகை. பிறகு மழை இல்லாமல் மண் பறந்த வருடங்கள். அதன் பிறகு நீ எழுதியதெல்லாம் போனவர்களின் பட்டியல். வங்கி போனது, பள்ளிக்கூடம் போனது, ரயில் போனது, கடைசியில் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போனார்கள். இன்று முப்பத்தொரு பேர். தம்பி, எங்கள் தெருவில் இரண்டு மாடிவீடுகளைக் கவிழ்த்துக் கொட்டினால் முப்பத்தொரு பேர் விழுவார்கள். அதில் பாதிப் பேர் மன்னார்ச் சனமாக இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நீ அந்த ஊரில் கடை வாங்கப் போவதாகச் சொன்னபோது முதலில் சிரித்தது நான்தான். கடை, பெற்றோல் பம்ப், தபால் கந்தோர், மேலே வீடு, எல்லாம் சேர்த்து மொன்றியல் ரொக்ஸ்பரோவில் கார் நிறுத்துகிற கொட்டகையின் விலைக்கு என்று சொன்னாய். இன்று நீ ஊர்ச் சபையில் உறுப்பினர். முப்பத்தொரு பேர் உள்ள ஊரில் உறுப்பினராகாமல் தப்புவதுதான் கஷ்டம் என்று அத்தான் சொல்கிறார். நான் அவரை அதட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதல் அரசியல்வாதி நீ.

உன் ஊர்ச் சனம் இங்கே எங்கள் பங்குக் கோயிலிலும் பிரபலம். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற மண்டபத்தில் நான் வாயைத் திறந்தால் ஒரு கூட்டம் கூடும். மேயரே பனி அள்ளுகிற வண்டியையும் ஓட்டுவதால், அவரோடு சண்டை பிடித்தவன் வீட்டு வாசல் கடைசியாகத்தான் துப்புரவாகும் என்ற கதைக்கு நல்ல வரவேற்பு. ஓல்சன் சகோதரர்களின் கதைக்கு அதைவிட. டிரக்டர் ஒன்றுக்காகக் கோபித்து, இருபது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல், தினமும் காலையில் உன் கடையில் ஒரே மேசையில் இருந்து கோப்பி குடிக்கிறார்களாமே. சீனி வேண்டும் என்றால் உன்னிடம் சொல்லி, நீ மற்றவரிடம் சொல்லி, அவர் நகர்த்துவாராமே. பின் வரிசை வாங்கிலிருந்து ஜொய்சி கேட்கிறாள், அவையள் இன்னும் கதைக்கேல்லையோ என்று. அவளுடைய புருஷனின் சுகத்தைக்கூட அவள் அவ்வளவு அக்கறையாக விசாரிப்பதில்லை.

நானும் சிரித்துச் சிரித்துத்தான் அதைச் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில், மெட்ரோவில், திடீரென்று உறைத்தது. நானும் அதே உத்தியோகம்தான் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுக்கிறாய். செலீன்தான் எடுத்துப் பேசுகிறாள். அக்காவின்ரை முழங்கால் எப்படி என்று கேட்கிறாய். பரவாயில்லை, இன்னும் நொண்டுறா என்று அவள் சொல்கிறாள். அங்கே எவ்வளவு குளிர் என்று அவள் கேட்கிறாள். நீ சொல்கிறாய். பிறகு இருவருக்கும் கதை முடிந்து, போன் என் கைக்கு வருகிறது. என் முழங்கால் ஒருவர் சீனியை மற்றவரிடம் நகர்த்துகிற மேசையாகிவிட்டது.

இனி அந்த முழங்காலைப் பற்றி. செப்டம்பரில் எனக்கு ஒப்பரேஷன் என்றவுடன், இரண்டு கிழமை நின்று மச்சாளைப் பார்த்துவிட்டு வாறன் என்று பெட்டியோடு வந்தவள் செலீன். இப்போது மார்ச். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் நவம்பரிலேயே சொல்லிவிட்டார், மதாம், நீங்கள் நடனமே ஆடலாம் என்று. அவர் பிரெஞ்சில் சொன்னதால் எனக்குப் பாதிதான் விளங்கியது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இருபது வருடமாகப் பிரெஞ்சு படிக்காததில் முதல்முறையாக ஒரு லாபம்.

அதற்குப் பிறகு நான் நொண்டுகிறேன். இந்தக் கிழவிக்கு விசர் என்று நினைக்காதே. அவள் இங்கே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பங்கில் அஞ்சலீனா மாமி என் முழங்காலை விசாரிக்கும்போது அவருடைய கண் செலீனின் மேல்தான் இருக்கும். இன்னும் வீக்கம் மாமி, செலீன் இல்லாவிட்டால் நான் செத்தேன் என்று சொல்லி, கதிரையைப் பிடித்து எழும்புவேன். மாமியின் வாய் அடைபடும். கட்டிய பெண் ஏன் ஆறு மாதமாகப் புருஷனிடம் போகவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். என் காலைக் கேட்பார்கள். அது எங்கள் சனத்தின் மரியாதை.

போன கிழமை நான் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தேன். செலீன் நிமிராமலே சொன்னாள், மச்சாள், நேற்று நீங்கள் மற்றக் காலாலையல்லோ நொண்டினீங்கள் என்று. எனக்குக் கஞ்சிப் பானையோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதாள். எழுதுவதற்கு அவளிடம் உத்தரவு கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டாள்.

அப்போதுதான் வாய் திறந்தாள். குளிர் அல்ல தம்பி. புல்வெளியும் அல்ல. நான் அதுதான் என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். உங்கடை தம்பி விடிய எழும்பினால் கடையில கதை, மத்தியானம் கதை, பின்னேரம் சபையில கதை. அந்த ஊரில மற்ற எல்லாரோடையும் கதைக்க அவருக்கு ஆயிரம் விசயம் கிடக்கு. மேல வீட்டுக்கு ஏறி வந்தால் முப்பத்தோராவது ஆளோட கதைக்க ஒண்டும் மிச்சமில்லை. தமிழிலை ஒரு சொல்லுக் கேக்க நான் சுவரோட கதைச்சன், மச்சாள். இதுதான் அவள் சொன்னது.

உன் கடிதத்தை எடுத்து இன்னொருமுறை வாசித்தேன். உன்னையும் சேர்த்து முப்பது பேரின் கதை இருக்கிறது. கோழி வளர்க்கிற ஹலினாக் கிழவி கோயிலில் ஓர்கன் வாசிக்கும்போது எந்த இடத்தில் பிழை விடுவார் என்பதுகூட இருக்கிறது. செலீன் என்று ஒரு பெயர், பன்னிரண்டு பக்கத்தில், ஒரு இடத்திலும் இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. உனக்கு நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில், கோபுரத்துக்கும் காலநிலைக்கும் நடுவில், நீ ஒரு வரி எழுதியிருந்தாய். ஊர் எல்லையில் நிற்கிற பலகைக்குப் புதுப் பூச்சுப் பூசுகிறார்களாம். முப்பத்தொன்றை முப்பதாக்க வேண்டுமா என்று மேயர் உன்னிடம் கேட்டாராம். மாற்றத் தேவையில்லை என்று நீ சொன்னாயாம். அவ்வளவுதான். அடுத்த வரியில் மறுபடியும் பனி.

கடிதம் வந்த அன்று, மேசையில் நான் அந்த வரியை முதல்முறை வாசித்தபோது செலீனின் கத்தி நின்றது. பிறகு, பலகையில எல்ஸ்பெத் எண்ட பெயருக்குக் கீழே ஒரு பறவை கிடக்கு, அதையும் திருப்பிக் கீறச் சொல்லோணும், அழிஞ்சுபோச்சு என்றாள். ஓல்சன்மாரில் மூத்தவருக்கு இனிப்பு வருத்தம், உங்கடை தம்பி அவருக்குச் சீனி குடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். பிறகு மேல்கோட்டைக்கூடப் போடாமல் பல்கனியில் போய் நின்றாள். அதுவரை ஆறு மாதமாக அந்த ஊரைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவள்.

இன்னுமொன்று உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் தெரு முனையில் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டெரியில் அவளை வேலைக்குக் கேட்கிறார்கள். பிள்ளைகள் அவளோடு நல்ல ஒட்டு. ஈஸ்டர் முடிய முடிவு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வேலை எடுத்தால் அறையும் எடுப்பாள். என் காலைச் சாட்டி அவளை எத்தனை நாள் வைத்திருக்கவும் எனக்குச் சம்மதம். அவள் எனக்குச் சகோதரி மாதிரி. உண்மையைச் சொன்னால் உன்னைவிட நல்ல சகோதரம். ஆனால் என் கால் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

அவளை வா என்று நான் உன் சார்பில் சொல்லமாட்டேன். போ என்றும் சொல்லமாட்டேன். சீனி நகர்த்துகிற வேலையை இன்றோடு விடுகிறேன். நீ எழுது. எனக்கு அல்ல. கடித உறையில் அவளுடைய பெயரை எழுது. பன்னிரண்டு பக்கம் வேண்டாம், ரயில் பாதை வேண்டாம். மேல வீட்டில் இரவில் உனக்கு எப்படி இருக்கிறது என்று எழுது. அவள் அங்கே நின்ற வருடமெல்லாம் எப்படி இருந்தாள் என்று கேள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திரு. அந்த ஊரில் பொறுமையாக இருப்பதற்கு இடம் தாராளமாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டு உனக்குத் தெரியும், இரும்பு, வளைந்து இறங்கும், மார்ச் முடியும்வரை ஐஸ். தபால்காரர் கீழேதான் போட்டுவிட்டுப் போவார். அவளுடைய பெயர் எழுதிய உறை வருகிற அன்று, அஞ்சலீனா மாமி வீதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, நான் அந்தப் படியில் ஓடி இறங்குவேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பலகையில் பூச்சுக் காயும்வரை அதில் யாரையும் கைவைக்க விடாதே.

இரண்டு காலும் சுகமான,
உன் அக்கா,
அக்னெஸ்