சாந்திக்கு நம்பர் இல்லை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பாலக்கரையில் ஒன்பது வீடு. டேப்லெட் இரண்டு முறை ஹேங்.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கும் எங்கள் ஆய்வில் சாந்தியைச் சேர்த்தாயிற்று. பிரசவத்துக்குப் பிறகு மனசு சரியில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். “அவருக்குத் தெரிஞ்சா அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாருக்கா.” யாருக்கும் தெரியவராது என்று அவள் குழந்தை தலையில் கை வைத்துச் சொன்னேன்.

போன் நம்பர் கட்டம் காலியாக இருந்தால் ஆப் அடுத்த பக்கம் போகாது. வீட்டுக்கு ஒரே போன், புருஷனுடையது. என் நம்பரைப் போட்டால் ‘ஏற்கெனவே உள்ளது’. ஆய்வை நடத்தும் பிரகாஷ் சாரைக் கேட்டேன். “வீட்டுக்காரர் நம்பரையே போடுங்கம்மா. சும்மா ரெக்கார்டுக்குத்தான். கால் எதுவும் போகாது.”

போட்டேன்.

வாங்க: டேப்லெட் உறை, தக்காளி, தலைவலித் தைலம்.

ஜூலை 10, வியாழன்

ஸ்ரீரங்கம். போன மாதம் சேர்ந்த சித்திரை வீதி மாமாவுக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. சந்தோஷம். “தினம் கார்த்தால ஒரு பொண்ணு கூப்ட்டு மாத்திரை சாப்ட்டேளான்னு கேக்கறா. பெத்த பொண்ணு கேக்கமாட்டா!” அது பொண்ணு இல்லை மாமா, ஆப். அது கூப்பிடும் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. மாமாவும் அதே கட்டத்தில்தானே நம்பர் கொடுத்தார்?

பிரகாஷ் சார் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை.

ஜூலை 11, வெள்ளி

ஐயோ, நடந்தேவிட்டது. சாந்தி புருஷனின் பாத்திரக்கடை. கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். கடை நிறைய ஆள். “சாந்தி அவர்களே, மனநல மாத்திரை சாப்பிட்டீர்களா?”

மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “அவ அம்மா வீட்டுல மறைச்சாங்க. நீங்களும் கூடச் சேந்து மறைச்சீங்களா?”

சாந்தி ஒரு பையும் குழந்தையுமாக ஆட்டோவில் ஏறினாள். திட்டியிருக்கலாம். “புள்ள தலையில கை வச்சு சொன்னீங்களேக்கா.” அவ்வளவுதான்.



ஜூலை 14, திங்கள்

மீட்டிங். போண்டா, காபி. எல்லார் முன்னாலும் பிரகாஷ் சார்: “யார் நம்பர்னு பாக்காம போட்டது ஃபீல்டு மிஸ்டேக். ஆப்ல ஒண்ணும் கோளாறு இல்ல.”

“நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?”

“நானா? எப்பம்மா?” சிரிக்கிறார், பாவி. வாயால் சொன்னதை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

சாந்தியை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார். விலகியதற்குக் காரணம் கேட்கிறது ஆப். மூன்றுதான் இருக்கிறது. இடமாற்றம். விருப்பமின்மை. மரணம். நாங்கள் காட்டிக் கொடுத்தோம் என்பதற்குக் கட்டம் இல்லை.

காலியாக விட்டுப் பார்த்தேன். அடுத்த பக்கம் போகவில்லை.

விருப்பமின்மையை அமுக்கினேன்.