சட்டைக்குள் ஒரு டிரம்

கண்ணம்மா,

நீ கதவைத் திறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். மேடையில் டிரம் வாசித்துக்கொண்டே நீ என்னைத்தான் தேடினாய். உன் குழுவில் மற்றவர்களின் அப்பா, அம்மாக்கள் எல்லாம் வீட்டிலேயே படம் ஒற்றிய டி-ஷர்ட்டோடு முன்வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுத் தூணோரம் ஒட்டிக்கொண்டேன்.

உள்ளே டி-ஷர்ட் இருந்தது. நீ வெட்டிக் கொடுத்த அட்டையை வைத்து, டிரம் படத்தை நானே ஸ்பாஞ்சால் பெயிண்ட் தொட்டு ஒற்றினேன். ஆனால் வாசலில் எங்கள் மேனேஜரைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, குளிருக்காகத் தோளில் போட்டிருந்த ஆபீஸ் சட்டையை மேலே மாட்டிக்கொண்டேன்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு வாசிக்குது. கூப்பிட்டாங்க, தட்ட முடியல" என்றேன்.

நீ முடித்ததும் முதலில் எழுந்து கைதட்டியவர் அவர்தான். "என்னமா வாசிக்குது உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு!" என்றார். நானும் தலையாட்டினேன்.

"நல்லா காய வச்சு அயர்ன் பண்ணிட்டுப் போடுங்கப்பா, இல்லன்னா ஒட்டிக்கும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். அவசரத்தில் நான் செய்யவில்லை. வந்து கழற்றினால், வெள்ளை ஆபீஸ் சட்டையின் உள்பக்கம் முழுக்க உன் டிரம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அப்பா என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரன்