சம்பந்தி பழுதுபார்த்த ஜீப்

கூத்தாநல்லூர்
வியாழக்கிழமை, மதியம் லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் ஜாபிருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் அத்தாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. நீயும் ரிஃப்காவும் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போனில் எந்த வாய்ஸ் மெசேஜ் வந்தாலும் போனாலும் அத்தாதான் முதலில் போட்டுக் கேட்கிறார். பக்கத்து வீட்டு மூஸா இன்று சாயங்காலம் ஷார்ஜாவுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

ஆற்றங்கரை மண் பாதையில் அத்தா தென்னந்தோப்புக்குப் போய்வரட்டும் என்று போன லீவில் ஒரு பழைய ஜீப் வாங்கிக் கொடுத்தாயே, அதில்தான் வந்தது முஸீபத்து. பிரேக் சரியில்லை என்று தெரிந்ததும் நம் சுமையாவின் மாமனார் அப்துல் ஜலீல், நான் பட்டறை வச்சிருக்கும்போது வேற ஆள்கிட்ட விடுவீங்களா மச்சான் என்று உரிமையோடு அதிராம்பட்டினத்துக்கு எடுத்துப் போய் நாலே நாளில் வேலையை முடித்துக் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து பெடலை ஒரு முறை மிதித்தால் பிடிக்காது, இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். காலையில் வாசல் கூட்டும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கு அடியில் ஈரக் கறை. அத்தாவிடம் சொன்னால் பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு, ரெண்டு தடவை மிதிச்சா கால் தேஞ்சா போயிடும் என்கிறார். மன்னார்குடியில் வேறு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று நச்சரித்துப் பார்த்தேன். பெண் கொடுத்த இடம், சம்பந்தி கை வைத்த வேலையை இன்னொருத்தன் பிரித்தால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நானும் அடங்கிப் போனேன். அது நான் செய்த தப்பு.

போன செவ்வாய்க்கிழமை தோப்பிலிருந்து திரும்பும்போது நானும் அந்த வண்டியில் இருந்தேன் ஜாபிர். கரையிலிருந்து பாலத்துக்கு இறங்கும் சரிவில் எதிரே அறுப்பு மெஷின் வந்துவிட்டது. அத்தா மிதித்தார், பெடல் அப்படியே தரையோடு போனது. இரண்டாம் தடவை மிதித்தார், மூன்றாம் தடவை மிதித்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் கரை முட்ட வெண்ணாறு. கலிமா சொல்லக்கூட என் நாக்கு புரளவில்லை. அத்தா மறுபக்கம் ஸ்டியரிங்கை ஒடித்ததில், துரைக்கண்ணு நடவுக்கு உழுது வைத்திருந்த வயலில் இறங்கிச் சேற்றில் புதைந்து நின்றது. என் நெற்றி வீக்கத்துக்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். டிராக்டர் கட்டி இழுத்து வந்த தமிழரசன் நம் வாசலிலேயே பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். உள்ள இருக்கிற ரப்பரைப் புதுசா மாத்தவே இல்லம்மா, பழசையே தொடச்சு மாட்டியிருக்காங்க, அது வழியாத்தான் ஆயில் ஒழுகுது, இதை நம்பி இனிமே ஏறாதீங்க என்றான். அத்தா அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, குறுக்கே ஆடு வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. நேற்று சம்பந்திக்குப் போன் போட்டு, பெடல் கொஞ்சம் இறங்குற மாதிரி இருக்கு என்று இழுத்தார். அவ்வளவுதான், அந்தப் பக்கம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முப்பது வருஷமா வண்டி பாக்குறவன் நான், ஞாயித்துக்கெழம நானே வந்து அந்த ஜீப்பை எடுத்துட்டுப் போயி மருமவளை அதுலயே ஏத்திக் கொண்டாந்து உங்க வீட்டுல விடுறேன், அப்பவாவது நம்புவீங்களா என்று கேட்டாராம். சுமையாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர அந்த ஞாயிற்றுக்கிழமைதானே நாள் பேசியிருந்தோம். ஏழு மாத வயிற்றோடு அவள் அந்த வண்டியில் அம்பது கிலோமீட்டர் வர வேண்டுமாம். அத்தா போனைப் பிடித்துக்கொண்டு, அதெல்லாம் எதுக்கு என்று சிரிக்கிறார். வேண்டாம் என்ற ஒற்றை வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை ஜீப் சாவியைக் கொண்டுபோய் ஆற்றில் வீசிவிட்டேன். அத்தா வீட்டையே புரட்டித் தேடிவிட்டுச் சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறார். சாவி எதுக்கு, ஒயரைச் சேத்தா ஸ்டார்ட் ஆயிட்டுப் போவுது என்றுவிட்டார் அவர். ஒரு மெக்கானிக்கிடம் சாவியை ஒளிக்கப் பார்த்த என் புத்தியை என்ன சொல்வது.

அதனால் நாளை விடிந்ததும் அத்தாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி அதிராம்பட்டினம் போகிறேன். நீங்க பாத்த பிரேக் பிடிக்கல, என் பொண்ணை அதுல ஏத்த மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடித்து அவளை அழைத்து வரப்போகிறேன். அவர் என்ன பேசுவாரோ, இதை அந்த வீட்டில் அவள் எத்தனை வருஷத்துக்குக் கேட்க வேண்டியிருக்குமோ தெரியவில்லை. அத்தாவும் சம்பந்தியும் மாறி மாறி உனக்குப் போன் போட்டு, உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சுமையாவும் மானம் போச்சு என்று அழுது என்னைத் திட்டுவாள். திட்டட்டும் ஜாபிர், என்னைத் திட்டுவதற்கு அவள் இருக்க வேண்டும். நீ ஒருவனாவது அம்மா செய்தது சரி என்று சொல்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் எல்லா ஆபத்தையும் விட்டுக் காப்பானாக, உன் சம்பாத்தியத்தில் பரக்கத்துச் செய்வானாக. பிள்ளைக்கு என் முத்தம். ஒன்றை மறக்காதே. நீ ஓட்டுகிற கம்பெனி வண்டியின் பிரேக் ஒரே மிதியில் பிடிக்கிறதா என்று இன்றே பார். இரண்டு மிதி கேட்டால் ஏறாதே, யார் மனம் கோணினாலும் ஏறாதே.

உன் அம்மா,
கமருன்னிஸா